மேலே இருப்பதே அடுத்த வேலை

அண்ணனும் அண்ணியும் பேச்சை நிறுத்திக்கொண்ட விவரம் போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண் ஆபரேஷன் முடிந்ததும் தன் அம்மா எங்கே தங்குவது என்று அண்ணி கேட்டாள். "அவங்க வீடு எதுக்கு இருக்கு?" என்று அண்ணன் சொன்னான். அதற்குப் பிறகு அவன் கேட்ட எந்தக் கேள்விக்கும் அந்த வீட்டில் பதில் வரவில்லை.

பேச்சு நின்றதே தவிர, செய்திப் போக்குவரத்து நிற்கவில்லை. நடுவில் அண்ணனின் தங்கை இருந்தாள். கடைக்குட்டி என்பதால் சுண்டுவிரல் என்று கூப்பிட ஆரம்பித்து, நாளடைவில் விரலை விட்டுவிட்டுச் சுண்டு என்று நிறுத்தியிருந்தார்கள். கம்ப்யூட்டர் படித்தவள். சாப்பாட்டு மேசையில் அண்ணி அவளிடம் உப்பு போதுமா என்று உங்க அண்ணனைக் கேள் என்பாள். அண்ணன் ஒரு கை தூரத்தில் மென்றுகொண்டிருப்பான். சுண்டு கேட்பாள். போதும் என்று சொல் என்பான். சுண்டு சொல்வாள். இவ்வளவு செலவு செய்து படித்தது இதற்காகத்தானா என்று அவளுக்கு அவ்வப்போது தோன்றும்.

குடும்பத் தொழில் லிஃப்ட் ரிப்பேர். மாடியில் வீடு, கீழே ஆபீஸ், பின்னால் வண்டி நிறுத்தும் முற்றம். தொழிலை ஆரம்பித்த அப்பாவை எல்லோரும் சேர்மன் என்பார்கள். மொத்தக் கம்பெனியும் ஒரே வேனில் ஏறிவிடும் என்பது அந்தப் பட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்ததில்லை. போன் எடுப்பது அண்ணி. மெக்கானிக்குகளுக்குத் தலைவன் அண்ணன்.

போன வாரம்வரை யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவர்கள் லிஃப்டுக்குத்தான் ஆள் போகும். அண்ணி ஒரு பக்கம் அனுப்புவாள். அண்ணன் பாதி வழியில் போன் செய்து வேறு பக்கம் திருப்புவான். சேர்மன் தன் பங்குக்கு இரண்டு பேரையும் ரத்து செய்வார். ஒரு முறை ஒரே லிஃப்டுக்கு இரண்டு மெக்கானிக்குகள் போய், யார் திறப்பது என்று வாசலிலேயே மரியாதை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதைப் பார்த்துத்தான் சுண்டு அந்த லிஸ்டை எழுதினாள். இணையப் பக்கம் ஒன்று. அண்ணியின் மேசையில் பெரிய திரையில் தெரியும். எல்லோருடைய போனிலும் தெரியும். ஒவ்வொரு புகாரும் ஓர் அட்டை. அவசரமானதைப் பிடித்து மேலே இழுக்கலாம், ஆறப்போடக்கூடியதைக் கீழே இறக்கலாம். பிடித்த அட்டை லேசாக எழும்பும், அதன் கீழே நிழல் விழும், மற்ற அட்டைகள் பஸ்ஸில் இடம் கொடுப்பவர்களைப்போல ஒதுங்கி நடுவே இடைவெளி விடும். விட்டால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு போனில் நகர்த்தினால் எல்லாத் திரைகளிலும் நகரும். அட்டையின் எந்த மூலையைத் தொட்டாலும் இழுபட வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். அதில்தான் அழகு என்று நினைத்தாள்.

சேர்மன் அட்டைகளைக் கொஞ்ச நேரம் மேலும் கீழும் இழுத்து விளையாடிவிட்டுச் சட்டம் போட்டார். "மேல இருக்கிறதுதான் அடுத்த வேலை. ஒரு வேலைய முடிச்சவன் மேல இருக்கிறத எடுத்துட்டுப் போவான். எவனும் எவனுக்கும் போன் பண்ணித் திருப்பக் கூடாது." ஒரு வாரம் வெள்ளோட்டம். குழப்பமில்லாமல் ஓடினால் லிஸ்ட் நிலைக்கும். குழப்பினால் லிஸ்டைத் தூக்கிவிட்டு, சுண்டு போன் எடுக்க உட்கார வேண்டும். தீர்ப்பு சனிக்கிழமை சாயங்காலம்.

இன்று சனிக்கிழமை.

அண்ணியின் அம்மா குடியிருப்பது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில். குடும்பத்தில் அவருக்கு ஆறாம் மாடி என்பதே பெயராகிவிட்டது. அவருடைய முழங்கால்கள் படி என்ற சொல்லைக் கேட்டாலே வீங்கக்கூடியவை. கண் இரண்டிலும் புரை. மாதக்கணக்கில் காத்திருந்து ஆஸ்பத்திரியில் கிடைத்த தேதி இன்று. மாலை நான்கு மணிக்குள் வந்து படுக்க வேண்டும். தவறினால் அடுத்த தேதிக்கு இன்னொரு சுற்றுக் காத்திருப்பு. கட்டடத்தின் லிஃப்ட், ஒரு குடும்பத்தைப் பழிவாங்குவதற்கென்றே நாள் பார்த்ததுபோல, நேற்று மாலை நின்றுவிட்டது.

நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வரலாம் என்று அக்கம்பக்கத்தார் சொல்லிப் பார்த்தார்கள். நாலு பேர் தூக்கிட்டுப் போற நிலைமைக்கு நான் இன்னும் வரல என்று ஆறாம் மாடி கதவைச் சாத்திக்கொண்டார்.

காலையில் ஆபீசைத் திறந்ததும் அண்ணி செய்த முதல் வேலை அந்த லிஃப்டின் அட்டையை உச்சியில் வைத்ததுதான். வேலைக்கு இன்று நெட்டை என்ற மெக்கானிக் மட்டும்தான் இருந்தான். இன்னொரு மெக்கானிக் லீவு. அண்ணனோ ஒரு மோட்டாரை முற்றத்தில் பிரித்துப்போட்டு, மாலைக்குள் கொடுத்தாக வேண்டும் என்று அதன் வயிற்றுக்குள் கைவிட்டிருந்தான். ஒரு துணிக்கடை லிஃப்டில் இருந்த நெட்டை அதை முடித்ததும் மேலே பார்ப்பான். மேலே ஆறாம் மாடி இருக்கும். போவான். அண்ணி நிம்மதியாக அடுத்த போனை எடுத்தாள்.

அந்தப் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது ஆறாம் மாடி லிஸ்டின் அடியில் கிடந்தது. நெட்டை ஓர் அலுவலகக் கட்டடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான்.

 அண்ணி அட்டையை மறுபடி உச்சிக்கு இழுத்தாள். அண்ணனுடைய சிநேகிதனின் ஹோட்டல் சரக்கு லிஃப்ட் நடுவில் எங்கேயோ இருந்தது. போகிற போக்கில் அதைப் பிடித்துக் கடைசியில் போட்டாள்.

சற்று நேரத்தில் ஆறாம் மாடி மறுபடி அடியில் கிடந்தது. ஹோட்டல் மேலே ஏறியிருந்தது.

அடுத்த இரண்டு மணி நேரம் அந்த ஆபீசில் யாரும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் திரையில் அட்டைகள் பறந்தன. அண்ணி ஏற்றினாள். அட்டை விழுந்தது. அண்ணி ஹோட்டலை இறக்கினாள். ஹோட்டல் எழுந்தது. வாடிக்கையாளர்களிடம் தேன் ஒழுகப் பேசிக்கொண்டே வலது கையால் அவள் புருஷனோடு யுத்தம் நடத்தினாள். முற்றத்தில் அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைப்பதும், போனைப் பார்ப்பதும், பல்லைக் கடிப்பதும், ஸ்பேனரை எடுப்பதுமாக இருந்தான்.

நடுவில் ஆறாம் மாடியிடமிருந்து போன் வந்தது. குரல் ஸ்பீக்கர் இல்லாமலே ஆபீஸ் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளை கம்பெனியாச்சே என்று நம்பியது தன் தப்பு என்றும், முன்பின் தெரியாதவனுக்குக் கொடுத்திருந்தால் நேற்றே வந்து பார்த்திருப்பான் என்றும் தெரிவித்தது. அண்ணி சரிம்மா, சரிம்மா என்றாள். வைத்ததும் சுண்டுவின் பக்கம் திரும்பினாள்.

"உங்க அண்ணன்கிட்ட ஒண்ணு கேளு. எங்கம்மா மேல கோவமா, என் மேல கோவமா? எங்கம்மா மேலன்னா பரவாயில்ல, வயசானவங்க, தாங்கிக்குவாங்க. என் மேலன்னா நேர்ல வந்து காட்டச் சொல்லு. கண்ணு தெரியாதவங்க லிஃப்டுல வந்து காட்ட வேண்டாம்."

இதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும் அளவுக்குச் சுண்டு முட்டாள் இல்லை. டீ வேண்டுமா என்று கேட்கிற சாக்கில் முற்றத்துக்குப் போனாள். அண்ணனே ஆரம்பித்தான். அவன் அந்த அட்டையைத் தொடவே இல்லையாம். அவள்தான் வேண்டுமென்று ஹோட்டலைக் கீழே தள்ளுகிறாளாம். தள்ளியதை மேலே ஏற்றுவது மட்டும்தான் அவன் செய்ததாம். பொய் சொல்லும்போது அண்ணன் காதைத் தேய்ப்பான். இப்போது தேய்க்கவில்லை. சுண்டுவுக்குக் குழப்பமாக இருந்தது.

"நீயே பாரு, இப்ப என்ன பண்ணி வெச்சிருக்கான்னு" என்று போனை எடுத்தான். லிஸ்ட் புதிதாக ஏதாவது காட்டுகிறதா என்று பார்க்க, கிரீஸ் படிந்த கட்டைவிரலைத் திரையின் உச்சியில் வைத்துக் கடை ஷட்டரை இறக்குவதுபோல் ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தான்.

மேட்ச் ஸ்கோர் பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்வது அதுதான். மேலிருந்து கீழே இழுத்தால் பக்கம் புதிதாக வரும். அண்ணனுக்கு ஸ்கோர் பார்ப்பது மூச்சுவிடுவதுபோல. ஆனால் அவன் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது சுண்டுவின் லிஸ்ட். உச்சியில் இருந்தது ஆறாம் மாடி அட்டை. எங்கே தொட்டாலும் இழுபடும் அட்டை. விரலோடு சேர்ந்து அது இறங்கியது. திரையின் ஓரம் வந்ததும், வசதியாக இருக்கட்டும் என்று அவளே எழுதிவைத்திருந்தபடி, லிஸ்ட் தானாக ஓடி அதை அடிமட்டம்வரை கொண்டுபோய் விட்டது.

அண்ணன் அதைக் கவனிக்கவே இல்லை. அவன் கண் ஹோட்டலைத் தேடிக்கொண்டிருந்தது.

சுண்டு டீயை மறந்து ஆபீசுக்குத் திரும்பினாள்.

அண்ணி எத்தனை முறை ஏற்றினாளோ, என்ன மாறியிருக்கிறது என்று அண்ணன் அத்தனை முறை இழுத்துப் பார்த்திருக்கிறான். இழுத்த ஒவ்வொரு முறையும் அட்டை விழுந்திருக்கிறது. அது விழுந்த கோபத்தில் அண்ணி ஹோட்டலைத் தள்ள, தள்ளிய கோபத்தில் அவன் இன்னும் இழுக்க, காலையிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சுண்டு எழுதிய நாலு வரிக்குள் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் குதறிக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொன்னால் லிஸ்ட் போய்விடும். போன் எடுக்க உட்கார வேண்டியதுதான். சொல்லாமல் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. அவர்கள் இரண்டு பேரும் எப்படியும் பேசிக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு நாள் பேசாமல் இருந்தால் என்ன ஆகிவிடும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டுக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தாள்.

அட்டையின் இடது ஓரத்தில் ஆறு புள்ளிகளால் ஒரு பிடி வைத்தாள். இனி அதைப் பிடித்தால்தான் இழுபடும். போனில் அதுவும் போதாது. பிடியில் விரலை வைத்து, நகராமல் ஒரு கணம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். போன் லேசாக அதிர்ந்த பிறகுதான் அட்டை கையோடு வரும். சும்மா கீழே இழுத்தால் பக்கம் மட்டும் புதிதாகும். தன் போனில் இழுத்து, தள்ளி, சுரண்டி, எச்சில் விரலால் தடவிப் பார்த்தாள். அட்டை அசையவில்லை. பிடியை அழுத்திக் காத்திருந்தாள். அதிர்ந்து வந்தது. எல்லோருக்கும் போய்ச் சேரும்படி ஏற்றிவிட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குச் சேர்மன் உட்பட எல்லோரும் ஆபீசில் கூடினார்கள். நெட்டை அலுவலகக் கட்டடத்தில் இன்னும் வேலையாக இருந்தான். அண்ணி டப்பாவைத் திறக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. சுண்டு அதைப் பார்த்தாள். சொல்லக் கூடாது என்று முடிவுசெய்திருந்தவள் சொல்லிவிட்டாள்.

முழுதாகச் சொன்னாள். அண்ணன் இழுத்தது அட்டையை அல்ல, பக்கத்தை; அட்டை கூடவே போனது தன் தப்பு; இப்போது சரிசெய்தாகிவிட்டது. முற்றத்தில் கண்ணால் பார்த்தேன் என்றாள்.



"காலையிலேர்ந்து என் புருஷனை மனசுக்குள்ள என்னென்ன சொல்லியிருக்கேன் தெரியுமா?" என்றாள் அண்ணி. "அதையெல்லாம் இப்ப எங்க போய்த் திருப்பி எடுக்கிறது?"

சேர்மன் சுண்டுவைப் பார்க்காமலே, இதுக்குத்தான் பலகையில சாக்பீஸால எழுதணும்கிறது, அது யார் விரலோடயும் வராது என்றார். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று கையைக் கழுவினார். அதை எல்லோரும் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணன்தான் சந்தோஷமாக இருந்தான். காலையெல்லாம் பழி சுமந்து மதியம் விடுதலையானவனின் பூரிப்பு. படிக்கவைத்ததே தப்பு என்றான். ஒரு விரலைத் தாங்காத லிஸ்ட் ஒரு கம்பெனியைத் தாங்குமாம் என்று நெட்டையின் காலி நாற்காலியிடம் சொன்னான். சுண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு அண்ணி எழுந்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக, நடுவில் ஆள் வைக்காமல், அண்ணனைப் பார்த்துப் பேசினாள்.

"தப்பா நெனச்சுட்டேங்க. மன்னிச்சுக்கோங்க."

பரவாயில்லை என்றான் அண்ணன். காதைத் தேய்த்துக்கொண்டான். அண்ணி ஆறாம் மாடியைப் பிடித்து உச்சியில் வைத்தாள். அதற்கு அடுத்த இடத்தில், தானாகவே, ஹோட்டலை வைத்தாள்.

சாப்பிட்ட பிறகு ஆபீசில் ஏதோ ஒரு பண்டிகை முடிந்த வீட்டின் அமைதி இருந்தது. அண்ணி அம்மாவுக்குப் போன் செய்து, ஆள் வந்துகொண்டேயிருக்கிறான், துணி மாற்றி ரெடியாக இருங்கள் என்றாள். போனை வைத்ததும் நெட்டை வேலை முடிந்ததாகத் திரையில் குறித்தான். அடுத்த நிமிடம், அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டதாகவும் குறித்தான்.

அண்ணி திரையைப் பார்த்தாள். நெட்டை ஹோட்டலுக்குப் போகிறான்.

ஆறாம் மாடி இரண்டாவது இடத்தில் இருந்தது.

"சுண்டு" என்றாள் அண்ணி. குரலில் துளிக் கோபம் இல்லை. "மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு பாரு உன் லிஸ்ட்."

சுண்டு ஓடிவந்து பார்த்தாள். முதலில் நம்பிக்கை வரவில்லை. யார், எப்போது, எதை நகர்த்தினார்கள் என்ற பதிவை எடுத்தாள். அண்ணனுடைய போன். இடது ஓரத்துப் பிடி. அழுத்திக் காத்திருந்து, அதிர்ந்த பிறகு எடுக்கப்பட்டிருக்கிறது. காலையில் விழுந்தபோதெல்லாம் அட்டை அடிமட்டம்வரை போனது. இப்போது ஒரே ஒரு படி இறங்கி நின்றிருக்கிறது. கோளாறு இவ்வளவு அளந்து செய்யாது. ஹோட்டல் சரக்கு லிஃப்ட் என்றால் சாயங்காலம்வரை இழுக்கும் வேலை. ஆறாம் மாடிக்கு ஆள் போகும்போது ஆஸ்பத்திரியில் படுக்கையை வேறு ஒருவருக்குக் கொடுத்திருப்பார்கள்.

"பார்த்துட்டு வரேன் அண்ணி" என்று முற்றத்துக்குப் போனாள்.

அண்ணன் மோட்டாரை மூடிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் அந்த முதுகிலேயே எழுதியிருந்தது.

"நீதானே?" என்றாள்.

"என்ன நான்தானே? லிஸ்ட்ல கோளாறுன்னு நீதானே எல்லார் முன்னாடியும் சொன்னே?"

"அது காலையில. இது நீ அழுத்திப் பிடிச்சு எடுத்தது."

அண்ணன் ஸ்குருடிரைவரை வைத்தான். மெதுவாகத்தான் பேசினான், அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்தால் மாமியார் நேராக எங்கே வருவார்கள் என்று நினைக்கிறாய் என்று கேட்டான். இரண்டு வாரம் என்று வருவார்கள். பிறகு இரண்டாவது கண். பிறகு முழங்கால். இருக்கிற ஒரே ஹாலில், அவன் ஸ்கோர் பார்க்கிற சோபாவில், அவன் சம்பாத்தியத்தை எடைபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாப்பிள்ளை வேலைக்குப் போகலியா என்பார்கள். போனால் இவ்வளவு நேரமா என்பார்கள். இன்று தேதி தவறினால் அடுத்த தேதிக்குள் அவர்களுக்கு வேறு ஏற்பாடு பார்த்துவிடலாம். ஆபரேஷனே வேண்டாம் என்றா சொன்னான்? கொஞ்சம் தள்ளித்தானே போட்டான்?

"அவங்களுக்குக் கண்ணு தெரியல அண்ணா."

"எல்லாம் தெரியுது. என் சம்பளச் சீட்டு தெரியுது."

பிறகு அவன் வியாபாரம் பேசினான். அண்ணியிடம் போய், இன்னும் சரியாகவில்லை, கோளாறுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏற்கனவே சொன்னதுதானே, புதிதாகப் பொய் ஒன்றும் இல்லையே. சாயங்காலம் அப்பாவிடம் அவன் பேசுவான். குழந்தைத்தனமான தப்புதான், லிஸ்ட் இருக்கட்டும் என்பான். அவன் சொன்னால் சேர்மன் கேட்பார். லிஸ்டும் நிற்கும், அவளும் போன் எடுக்க உட்கார வேண்டியதில்லை.

"இல்லன்னா?"

"இல்லன்னா ஒண்ணுமில்ல. நீ சொல்றத யார் நம்பப்போறா? காலையில ஒண்ணு சொன்னே, மத்தியானம் ஒண்ணு சொல்றே. அவ இப்பத்தான் என்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கா. அதைத் திரும்ப வாங்கிக்குவாளா?"

அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சுண்டு அதை முற்றத்திலிருந்து ஆபீஸ் வாசல்வரை யோசித்துக்கொண்டே வந்தாள். அவள் ஒப்புக்கொண்ட தப்பை அண்ணன் சட்டைபோல எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். அளவும் சரியாக இருந்தது.

உள்ளே அண்ணி அம்மாவோடு போனில் இருந்தாள். ஏதோ கம்ப்யூட்டர் பிரச்சினையாம், சுண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள், பாவம் சின்னப் பெண், திட்டாதீர்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். சேர்மன் தன் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தார். அண்ணன் கையைத் துடைத்தபடியே வந்து வாசற்படியில் நின்றான், தங்கை என்ன சொல்கிறாள் என்று கேட்க.

அண்ணி போனைக் கையால் பொத்தினாள். "என்னாச்சு, சரியாச்சா?"

சுண்டு ஒரு கணம் அண்ணனைப் பார்த்தாள். அவன் முகம் தயவாகத்தான் இருந்தது.

"லிஸ்ட்ல ஒண்ணுமில்ல அண்ணி. அது மத்தியானமே சரியாயிடுச்சு. இது அண்ணன் கையால எடுத்து வெச்சது."

அண்ணன் சிரித்தான். தன் தப்பை மறைக்க அடுத்தவன் தலையில் போடுகிறாள் என்றான். சுண்டு வாதாடவில்லை. அண்ணியின் போனை வாங்கி, லிஸ்டைத் திறந்து, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "இழுத்துப் பாருங்க" என்றாள்.

அண்ணி ஆறாம் மாடி அட்டையைக் கட்டைவிரலால் கீழே இழுத்தாள். அட்டை அசையவில்லை. வேகமாக இழுத்தாள். அசையவில்லை. இரண்டு விரலால் இழுத்தாள். பிறகு ஓரத்துப் புள்ளிகளில் விரலை வைத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள். போன் அவள் கையில் அதிர்ந்தது. அட்டை எழும்பி வந்தது.

அந்த ஒரு கணத்துக்குள் ஒருவன் எதை வேண்டுமானாலும் யோசித்து, கையை எடுத்திருக்கலாம். அண்ணி அந்தக் கணத்தின் நீளத்தை இன்னும் ஒரு முறை விரல் வைத்து அளந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்ணில் ஈரம் இல்லை. காலையில் இருந்தது எல்லாம் காய்ந்துவிட்டிருந்தது.

அண்ணன் அதற்குள் காதைத் தேய்க்க ஆரம்பித்திருந்தான். நான் என்ன செய்தேன், ஒரு இடம்தானே, நெட்டை அங்கே முடித்துவிட்டு இங்கே போகப்போகிறான், இதற்குப் போய் இவ்வளவு பெரிய பஞ்சாயத்தா என்று வரிசையாக அடுக்கினான்.  

அண்ணி நெட்டைக்குப் போன் செய்தாள். கம்பெனிச் சட்டம் சேர்மனின் முன்னிலையிலேயே உடைந்தது. "நீ எங்க இருக்கியோ அங்கேயே நில்லு. நான் வரேன். ரெண்டு பேரும் எங்கம்மா வீட்டுக்குப் போறோம்." சேர்மன் கண்ணைத் திறந்தார். அண்ணி அவரைப் பார்த்து, "சட்டம் மீறினதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க மாமா, வந்து வாங்கிக்கறேன்" என்றாள். கைப்பையை எடுத்தாள். மேசையில் இரண்டு போன்கள் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தன.

"போன யார் எடுப்பா?" என்றான் அண்ணன்.

அண்ணி அவனைத் தாண்டிப் போனாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அடித்துச் சாத்தியதாக இல்லை. மெதுவாக, பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்துச் சாத்தும் சத்தம்.

போனைச் சுண்டு எடுத்தாள். வேறு வழியில்லை. ஒன்றை எடுத்துப் பேசி அட்டை போட்டாள், இன்னொன்றை எடுத்தாள். நடுவில் சேர்மன் எழுந்துவந்து பெரிய திரையின் முன் நின்றார். வெகு நேரம் பார்த்தார். அட்டையின் ஓரத்துப் புள்ளிகளைத் தொட்டார்.

"லிஸ்ட் இருக்கட்டும்" என்றார். "நல்லாத்தான் வேலை செய்யுது."

வாரம் முழுக்க இந்த வாக்கியத்துக்காகத்தான் சுண்டு காத்திருந்தாள். இப்போது அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சேர்மன் மகனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாடிக்குப் போனார்.

அண்ணன் அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்தான். தங்கச்சி மாதிரி நடந்துகொள்ளவில்லை என்று அவளிடம் சொன்னான். ஒரு வார்த்தை போதுமாயிருந்தது, குடும்பத்தைப் பிரித்துவிட்டாய் என்றான். நான் ஒன்றையும் பிரிக்கவில்லை, நீ இறக்கி வைத்ததைக் காட்டினேன் என்றாள் சுண்டு. அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசவில்லை. நடுவில் செய்தி கொண்டுபோக அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை.

மூன்றரைக்கு மேல் ஆபீஸ் போன் அடித்தது. நெட்டை. சுண்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

லிஃப்ட் ஓடுகிறதாம். கதவு பூட்டில்தான் கோளாறாம், பெரிய வேலையில்லை, காலையிலேயே வந்திருந்தால் காலையிலேயே முடிந்திருக்குமாம். அம்மாவும் மகளும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்களாம். வண்டியில் ஏறும்போது அம்மா தன்னைத் திட்டவே இல்லையாம். அதுதான் அவனுக்குப் பயமாக இருக்கிறதாம்.

அண்ணன் மூச்சு விட்டான். சாயங்காலம் தானே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தான்.

"அப்புறம், அண்ணே இருக்காரா?" என்றான் நெட்டை. "அக்கா ஒரு வேலை சொல்லியிருக்காங்க. அக்காவோட துணிமணியெல்லாம் எடுத்து ரெண்டு பெட்டியில போட்டு, இங்க ஆறாவது மாடிக்குக் கொண்டுவரணுமாம். வேலைக்குப் போடுற உடுப்பு, கம்பளி, கண்ணாடி, மாத்திரை எல்லாம். எது எது எங்க இருக்குன்னு அண்ணனுக்குத் தெரியும், கேட்டுக்கோன்னாங்க. எங்கண்ணே இருக்கு?"

அண்ணன் வாயைத் திறந்தான். மாடியைப் பார்த்தான். பிறகு சுண்டுவைப் பார்த்தான்.

அவனுக்குத் தெரியவில்லை.